தொண்ணூறு படி

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஆசைதான், ஆனால் அதற்கு நீ போனை எடுக்க வேண்டுமே. பதினொரு நாளாக எடுக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். "உங்கம்மா மறுபடியும் மாத்திரைய முழுங்கிட்டு மாடிப்படியில உருண்டுட்டா" என்று உனக்குப் போன் செய்ததாக உன் சித்தியே என்னிடம் ஒப்புக்கொண்டாள். விழுந்தது நிஜம், மாத்திரை பொய். அப்போதுதான் படியைத் துடைத்திருந்தார்கள், ஈரத்தைப் பார்க்காமல் கால் வைத்தேன், கணுக்கால் பிசகிவிட்டது. என் கூடப்பிறந்தவள் ஓடி வந்து, காலில் ஐஸ் வைப்பதற்கு முன்னால் என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சீப்பும் பஸ் பாஸும்தான் விழுந்தன. அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து இடுப்பு போனதும், பத்து நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை நான்கு வருடம் விழுங்கியவள். கடை மாற்றிக் கடை வாங்கினேன், மாவு டப்பாவில் ஒளித்தேன், உன்னிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். நிறுத்தியதும் என் வீரத்தால் மட்டும் இல்லை, டாக்டர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆனால் வேலை முடிந்து வந்ததும் மாலை ஆறு மணிக்குக் கை பரபரக்குமே, அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த டாக்டர் பக்கத்தில் வந்து உட்காருவார்? முதுகுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண்தான், "அந்த நேரத்துல சும்மா உக்காராதீங்கம்மா, படி ஏறுங்க" என்றாள். நம் வீடு வரை ஐந்து மாடி, தொண்ணூறு படி. முதல் நாள் முப்பதாவது படியிலேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணை வாயாரத் திட்டினேன். இப்போது நாலு தடவை ஏறி இறங்குகிறேன். முடிக்கும்போது உடம்பு வியர்த்துக் கொட்டும், பசிக்கும், மணி ஏழு ஆகியிருக்கும். படுத்தால் எதையும் விழுங்காமலே தூக்கம் வருகிறது. லிஃப்ட் இருக்கும்போது இந்தம்மாவுக்கு என்ன கேடு என்று கட்டடத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

சித்தி சொல்லாத இன்னொன்றையும் கேள். கணுக்காலைப் பார்த்த சின்ன வயது டாக்டர் நீட்டிய சீட்டில் அதே மாத்திரை. பெயரைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பேசாமல் வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, வலியும் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. வரிசையில் பத்துப் பேர் நிற்கச் சத்தமாகச் சொன்னேன், "எனக்கு இந்த மாத்திரைப் பழக்கம் இருந்துச்சு டாக்டர், வேற குடுங்க, என் பேருக்கு நேரா அத எழுதியும் வைங்க" என்று. அவர் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். வெளியே வந்ததும் உன் சித்தி, "மானத்த வாங்கிட்டியே" என்றாள். போன மானம் அன்றைக்குத்தான் திரும்பி வந்தது என்று நான் சொன்னேன். பத்து நாள் காலை ஊன்றக் கூடாது என்றார்கள், சரி என்று ஆறு மணி ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். அதைப் பார்த்தும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நேற்று மறுபடியும் ஏறினேன், ஒரே ஒரு தடவை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மூன்றாம் மாடி டீச்சரம்மா வழியில் நிறுத்தி, நீ கிளம்பிப் போன நாளைப் பற்றிப் பேசினார்கள். அன்று லிஃப்ட் ஓடவில்லை, நீ இரண்டு பெட்டிகளையும் தனியாகவே இறக்கினாய், நான் உள்ளே மாத்திரை மயக்கத்தில் வாய் பிளந்து கிடந்தேன். அது எனக்குத் தெரியும். டீச்சரம்மா வாசலுக்கு எதிரே பெட்டிமேல் உட்கார்ந்து நீ அழுதது தெரியாது. அந்த இடத்தைத் தினமும் எட்டுத் தடவை தாண்டியிருக்கிறேனடி, ஒன்றும் தெரியாமல். நேற்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், கால் வலியால் இல்லை. பிறகு எழுந்து மிச்சப் படிகளையும் ஏறினேன்.

என்னை நம்பு என்று கெஞ்ச மாட்டேன். உன் நம்பிக்கையைக் கெடுத்தவள் நான், அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஏறுவேன், உன் சித்தி ஊர் முழுக்கப் போன் போட்டாலும் ஏறுவேன். லீவில் நீ வரும்போது லிஃப்ட் ஓடினாலும் உன் பெட்டியைப் படியில் தூக்கி வரப்போவது நான்தான், தடுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே, நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, கோபம் தீர்ந்து போன் செய்தால் இங்கே மாலை ஆறு மணிக்குச் செய்யாதே. எடுக்க மாட்டேன். படியில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா