மாமா, தரையில கால் வைக்காதீங்க

எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டிய என் சரவணனுக்கு,

உங்கள் கடல்மீன் தொட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. மாமாவும் நலம். இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீங்கள் பதற்றத்தோடுதான் படிப்பீர்கள். பதற்றமெல்லாம் என்னோடு இருக்கட்டும்.

நீங்கள் போன பிறகு உங்கள் அப்பா தன் மர நாற்காலியை ஹாலுக்கு இழுத்துவந்து தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார். சாப்பாடு அங்கே, பேப்பர் அங்கே. என்னிடம் பேசுவதைவிட அந்த ஆரஞ்சு மீன் ஜோடியிடம்தான் அதிகம் பேசுகிறார். எனக்கோ தொட்டியைக் கண்டாலே பயம். உப்புத் தண்ணீர், அதை ஒட்டி இத்தனை ஒயர்கள். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அடுப்படியிலிருந்து ஓடி வருவேன். நீங்கள் இருந்தபோது இந்தச் சத்தம் என் காதிலேயே விழவில்லையே, எப்படி?

கோடை தொடங்கும்போது பவளங்களின் மேல் பாசி படர்ந்தது. பச்சையாக விரிந்திருந்தவை பழுப்பாகிச் சுருங்கின. சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துத் துளி விட்டேன். கருநீலம். பாஸ்பேட் ஏறிவிட்டது. நான் வேலை செய்கிற டயாலிசிஸ் யூனிட்டில் தினமும் நோயாளிகளின் ரிப்போர்ட்டில் பார்க்கிற வார்த்தைதான். ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்ததாலேயே பயம் இரண்டு மடங்காயிற்று.

"எல்லாத்தையும் வித்துடுங்க மேடம். சார் இல்லாம இது ஓடாது" என்றார் மீன் கடைக்காரர். வீட்டுக்கு வந்து மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதையும் தூக்கிட்டுப் போயிட்டா நான் எதைம்மா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்?"

அதற்கு மேல் எப்படி விற்பது?

இரும்புத் துரு நிறத்தில் ஒரு குருணை இருக்கிறது, பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் பையைச் சுற்றிப் போனதே தவிர உள்ளே புகவில்லை. மூடிய கூட்டுக்குள் குருணையைப் போட்டு, அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரை ஏற்ற வேண்டுமாம். ரியாக்டர் என்கிறார்கள். பெயரைக் கேட்டே பாதி உயிர் போயிற்று. கடையில் கிடைத்தவை எல்லாம் தொட்டிக்கு அடியில் இருக்கும் நம் அலமாரிக்குள் நிற்காத உயரம். கடைசியில் குடிநீர் ஃபில்டர் ரிப்பேர் செய்கிற கடையில் கண்ணாடிபோல் தெரியும் ஆர்.ஓ. கூடு ஒன்று வாங்கினேன். அழுத்தம் தாங்கச் செய்தது, வெடிக்காது என்று ஒரு தைரியம்.

நடுவில் குழாய், மேலேயும் கீழேயும் ஸ்பாஞ்ச், இடையில் குருணை. சிவப்புத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். குருணை மேலாக லேசாகத் துள்ளினால் போதும், கொதிப்பதுபோல் புரண்டால் பொடியாகித் தொட்டிக்குள் போய்விடும். யூனிட்டில் அவசரமாக உப்பை இறக்கினால் நோயாளி என்ன ஆவார் என்று பார்த்தவள் நான். பவளங்களுக்கும் அந்தக் கதி வேண்டாமென்று குருணையைக் கொஞ்சமாகத்தான் போட்டேன். பாத்ரூம் வாளியில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. திறந்து மாற்ற வசதியாக இருக்குமென்று அலமாரியின் வெளிப்பக்கம் மாட்டினேன். அங்கேதான் தப்பு.

மறுவாரம் டூட்டியில் இருக்கும்போது மாமாவிடமிருந்து ஃபோன்.

"அம்மா, தொட்டிக்கு அடியிலேருந்து தண்ணி வருதும்மா. துணி போட்டுத் துடைக்கவா?"

பிளக் போர்டு தரையில் கிடப்பது என் கண்முன் வந்தது.

"மாமா, தரையில கால் வைக்காதீங்க! நாற்காலி மேலயே காலைத் தூக்கி வெச்சுக்குங்க!"

"பிளக்கைப் பிடுங்கிடட்டுமா?"

"தொடாதீங்க மாமா! எதையும் தொடாதீங்க!"

யூனிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. உங்களைப் பற்றிய ஃபோன் வந்தபோதும் நான் அதே கட்டிலருகே நின்றிருந்தேன். எதிர்வீட்டு வைதேகி மாமிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்தார். படிக்கட்டுப் பக்கம் இருக்கும் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

காவிரிப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கைப்பைக்குள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தி எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். என்ன சொல்லப் போகிறார்கள்? ரங்கநாதா, இன்னொரு தடவை வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன்.

மாமி வாசலிலேயே நின்றிருந்தார். "மெயினை அணைச்சுட்டேன்டிம்மா, பயப்படாதே. உன் மாமனார்தான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

உள்ளே மாமா கணுக்கால் பக்கம் வேட்டி நனைய நின்றுகொண்டு, தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். சொம்பு கண்ணாடியில் இடித்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"கரண்ட் இல்லையேம்மா. அதுங்களுக்கு மூச்சு முட்டுமே." மறுபடி மொண்டார். "அவனுக்கு மூச்சு முட்டினப்ப பக்கத்துல யாரும் இல்ல. இதுங்களுக்கு நான் இருக்கேன்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அடுப்படிக்குப் போய் இன்னொரு சொம்பை எடுத்துவந்தேன். இரண்டு பேரும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். மாமி தரையைத் துடைத்தார்.

கூடு ஒழுகவில்லை, கிளிப் போடாத ஹோஸ்தான் கழன்றிருந்தது. வெளியே மாட்டியதால் மோட்டார் அத்தனை தண்ணீரையும் வீட்டுக்குள் இறைத்துவிட்டது. இப்போது ரியாக்டரைக் அலமாரிக்குள் மோட்டார் நிற்கும் கீழ்த்தொட்டிக்குள்ளேயே நிறுத்திவிட்டேன். எது கழன்றாலும் தண்ணீர் தண்ணீரிலேயே விழும். ஹோஸின் இரு முனையிலும் கிளிப். பிளக் போர்டு சுவரில் ஏறிவிட்டது. கரண்ட் கசிந்தால் தானே அணைகிற பிரேக்கரை எலக்ட்ரீஷியன் மாட்டிக் கொடுத்தார். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

சோதனைக் குழாயில் நீலம் வெளுத்துவிட்டது. ஒரு பவளம் தப்பவில்லை, வெள்ளை எலும்பாக நிற்கிறது. மற்றவை மெதுவாக விரிகின்றன. நேற்று மாமாவிடம் கேட்டேன், அன்றைக்குப் பயமாக இல்லையா என்று.

"ரொம்பப் பயம்மா. நீ வர்ற சத்தம் படிக்கட்டுல கேட்டப்புறம்தான் அழுகை வந்துச்சு" என்றார்.

என் பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் ஒரு காது மோட்டார்மேல்தான் இருக்கிறது. ஆனால் குருணையை மாற்றும் நாள் வரும்போது, நடுங்கும் கையோடாவது நானே கூட்டைத் திறந்து மாற்றுவேன். உங்கள் அப்பாவைத் தனியாக நின்று அழ விடமாட்டேன். இந்த இரண்டுக்கும் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மனைவி,
மாமாவின் மருமகள்,
ரேவதி