கிணற்றுப் பங்களாவில் அந்த வாரம்

வெள்ளகோவில்
11.8.97

அன்புள்ள பங்காருவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், கரண்டைத் தவிர. எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய், இதோ மாற்றுகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருகிற வியாழக்கிழமையும் டிவியில் 'கிணற்றுப் பங்களா' தொடர் பார்க்க முடியாது. அப்பனும் மகளும் நேருக்கு நேர் சந்திக்கிற வாரமாகப் பார்த்து இப்படி. நீ ஒரு காட்சி விடாமல் எழுத வேண்டும்.

பந்தயத்தை மறந்துவிடாதே. எஸ்டேட் முதலாளியைக் கொன்றது வேதவல்லியின் அப்பன்தான். இல்லாவிட்டால் அதே ராத்திரி பெற்ற பெண்ணை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு ஏன் ஓட வேண்டும்? 'கொலையைக் கண்ணால் பார்த்துவிட்டான், மகளைக் காப்பாற்றத்தான் ஒளிந்தான்' என்று நீ சொல்வதெல்லாம் தறிச் சத்தத்தில் மூளை குழம்பியவர்கள் பேச்சு.

இன்னொரு விஷயம். எங்கள் அப்பா காங்கேயத்தில் பங்காளி சென்னியப்பன் வீட்டில் வந்து படுத்திருக்கிறாராம். நான் ஐந்தாவது படிக்கையில் பாலக்காட்டுக்கு வேலைக்கென்று போனவர். அம்மா கடலைக்காய் பறித்து என்னை உன்னோடு டீச்சர் டிரெயினிங் வரை படிக்கவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி, ஓடிப்போனவனுக்கு ஒன்பதாம் இடத்தில் குரு என்பார்களே, அது இவர்களுக்கென்றே சொன்னது. இப்போது நெஞ்சு வலி, "ஒருக்கா புள்ளையப் பாக்கோணும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். போகலாமா வேண்டாமா என்று மனசு இரண்டாகக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரைக் கேட்டால், "உன்ற இஷ்டம் அம்மணி" என்று நழுவிக்கொள்கிறார்.

உடனே பதில் போடு.

உன்,
அன்புக்கரசி


சோமனூர்
16.8.97

என் அன்புக்கு,

நீயே ஜெயித்தாய். பந்தயப்படி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கித் தந்துவிடுகிறேன்.

அப்பன் வந்தான். பங்களாப் படியேறி, எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டான். வேதவல்லி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "இத்தனை வருஷம் இல்லாத அப்பா இனிமேலும் இல்லாமலே இருக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். பக்கத்து வீட்டு ராசம்மாள் அக்காகூட, "நல்லாக் கேட்டா பாரு" என்றது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் என்ன சொல்வது? உன் மனசு சொல்கிறபடி செய்.

அன்புடன்,
பங்காரம்மா


வெள்ளகோவில்
29.8.97

பங்காரு,

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். சென்னியப்பன் மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். நான் கேட்டைத் திறக்கவில்லை. "கண்ணு, நல்லா இருக்கறயா?" என்றார். வேதவல்லி சொன்னதையே சொன்னேன், ஒரு வார்த்தை பிசகவில்லை. "செரி கண்ணு. நீ சொல்றது செரிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மொபெட்டில் ஏறிக்கொண்டார். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் போய்விட்டார். காரியமெல்லாம் சென்னியப்பன்தான் செய்கிறான்.

நான் செய்தது சரி என்று நீயாவது எழுது.

அன்புக்கரசி


சோமனூர்
1.9.97

அன்பு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த வாரம் நான் தொடரைப் பார்க்கவே இல்லை. தறிக்குப் புதுப் பாவு நூல் வந்துவிட்டது, பிணைக்கிற ஆள் வரவில்லை. பழைய நூலோடு புது நூலை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துவிட்டு நானும் ஓரகத்தியும் தறியடியிலிருந்து எழுந்தபோது டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ராசம்மாள் அக்காவும் ஊரில் இல்லை. நீ என்னையே நம்பிக் காத்திருக்கையில் 'பார்க்கவில்லை' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. உன் கணிப்பு ஜெயித்ததாக எழுதினால் சந்தோஷப்படுவாய் என்று நானே கட்டிவிட்டேன்.

இதுகூடப் பெரிதில்லை. அடுத்த வியாழக்கிழமை முன்கதை காட்டினார்கள். அப்பன் நிரபராதி. வேதவல்லி அவனை உள்ளே கூட்டிப்போய் இலை போட்டுப் பரிமாறினாள். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, உன் பக்கத்து வீட்டு நம்பரும் என்னிடம் இருக்கிறது. பூத் வாசல் வரை போனேன். வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன். உங்கள் தெருவில் கரண்ட் வந்திருக்கக் கூடாது, நீ அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று சாமியை வேறு வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் உன் அப்பா உன் வாசலுக்கு வந்திருக்கிறார்.

நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மனுஷன் ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போயிருப்பார். என்னைத் திட்டி எழுது. கருமாதிக்கு வரலாமா? வந்து உன் காலில் விழுந்தால்தான் எனக்கு ஆறும்.

பாவி,
பங்காரம்மா


வெள்ளகோவில்
5.9.97

அன்புள்ள பங்காருவுக்கு,

நீ வேண்டிக்கொண்டது பலிக்கவில்லை. அந்த முதல் வியாழக்கிழமை சாயங்காலமே கரண்ட் வந்துவிட்டது. நான் முழுதாகப் பார்த்தேன். அவள் இலை போட்டதையும், அவன் முதல் கவளத்தை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்து அழுதேன். திங்கட்கிழமை பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டுக் காங்கேயம் போக முடிவு செய்து, புடவை மாற்றிக்கொண்டிருக்கையில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார்.

பொய் என்று படிக்கும்போதே தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அம்மாவின் கை தோலுரிந்து கிடந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வேண்டிய வேதவல்லியை நீ எழுதி அனுப்பியிருந்தாய். புடவையை மடித்து வைத்துவிட்டு அவள் பேசியதை மனப்பாடம் செய்தேன். போன கடிதத்திலும் ஒன்றும் தெரியாதவள் போல உன்னிடம் நியாயம் கேட்டேன்.

நீ கருமாதிக்கு வர வேண்டாம். எல்லாம் உன்னால்தான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படிக்கப் படிக்க, ஆமாம், இவளால்தான் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கமும் வருகிறது.

அதனால் இனி எனக்கு எழுதாதே.

அன்புக்கரசி