காம்ப் ஒரு கிழமைதான்

யூன் 9, திங்கள்

சோளகம். காலையிலிருந்து பேய்க் காற்று. நூலகத்தில் பத்திரிகைகளுக்கு மேல் கல் வைத்திருக்கிறோம். பக்கம் திருப்பக் கல்லைத் தூக்க வேண்டும். ஆகவே நாட்டு நடப்பு ஊர்காவற்றுறைக்குள் மெதுவாகத்தான் இறங்குகிறது. நல்லது.

செய்தவை: புதுப் புத்தகங்களுக்கு இலக்கம் போட்டது. சிறுவர் அலுமாரிக்குக் கறையான் மருந்து. கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இல்லை என்று மேலிடத்துக்கு மறுபடியும் எழுதியது. பஸ் நிற்பது நூலக வாசலில் என்பதால் ஊர் முழுக்க அந்தக் கழிப்பறைக்குத்தான் வருகிறது. உள்ளே இருப்பவர் விடாமல் இருமிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. புதிதாக வருகிறவர்கள் இங்கே காசநோய் அதிகம் என்று நினைக்கக்கூடும்.

ஜெனிற்றா வந்துவிட்டாள். கம்பஸ் கடைசிப் பரீட்சை முடிந்தது. என் தங்கை. இருபத்துமூன்று வயது, ஐந்தடி பத்து அங்குலம், பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணித் தலைவி. பையை வைத்தாள், பந்தை எடுத்தாள், போய்விட்டாள். பழைய பள்ளிக்கூடத் திடல், கடலுக்கு முன்னால் சீமெந்துத் தரை. சோளகத்தில் வளையத்துக்கு நேரே எறிந்தால் பந்து மைதானத்துக்கு வெளியே. அவள் ஒரு சாண் இடப்பக்கம் பார்த்து எறிவாள். மிச்சத்தைக் காற்று செய்யும். அப்படியே பழகியவள்.

பின்னேரம் ரொறன்ரோ மாமா வீடியோவில். தொழில்முறை லீக்கில் விளையாடுவதுதான் ஆசை என்று ஜெனிற்றா சொல்லிவிட்டாள். மாமா சிரித்தார்.

"பிள்ளை, இஞ்சாலப் பக்கம் கொலிஜ் டீமில விளையாடுறவங்கள் ஆயிரக்கணக்கில. வருசம் லீக்குக்கு எடுக்கிறது எங்கட காலம்பிற பஸ்ஸுக்க ஏத்திற சனம்தான்."

"இருந்தோ, நிண்டோ மாமா?"

"நிண்டும் சேர்த்துத்தான்."

அந்தக் காலை பஸ்ஸில் எனக்கே இடம் கிடைப்பதில்லை.

யூன் 10, செவ்வாய், போயா

விடுமுறை. காற்று அப்படியே. அப்பா கடலுக்குப் போகவில்லை, ஆகவே வீட்டுக்குள் எல்லாருக்கும் இடைஞ்சல்.

ஜெனிற்றாவின் பயிற்றுநர் யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தார். பண்ணைப் பாலத்தில் காற்று இரண்டு தரம் தன்னைக் கடலுக்குள் அழைத்ததாம். நல்ல மனிதர். கதிரை நுனியில் இருந்து பேசினார்.

"நல்ல சான்ஸ் ஐயா. கொழும்பில பெரிய டீம் ஒண்டு பொம்பிளைப் பிள்ளையள் எடுக்குது. மாசச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், பென்சன். விளையாடுறதுதான் வேலை."

அப்பா யோசித்துக் கேட்டார்: "விளையாட்டு வீட்டுக்குள்ளயோ, வெளியிலயோ?"

"உள்ளுக்குத்தான். பெரிய ஹோல். காத்து மழை ஒண்டும் தெரியாது."

"ம்."

"முதல் காம்புக்கு வரச் சொல்லியிருக்கினம். வியாழன் வெளிக்கிட்டா மற்ற வியாழன் திரும்பலாம். காம்ப் ஒரு கிழமைதான்."

பெரியம்மா குசினி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றா.

"எந்தக் காம்ப் தம்பி?"

"ட்ரெயினிங் காம்ப் அம்மா."

"என்ன ட்ரெயினிங்?"

"பந்து அம்மா. பந்து."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. தேநீரில் சீனி இல்லை. இந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை. பயிற்றுநர் முகம் மாறாமல் குடித்து முடித்தார். விளையாட்டு மனிதனுக்கு ஒழுக்கத்தைத் தருகிறது.

எனக்காக ஒரு குறிப்பு, ஒருபோதும் மறக்கப்போவதில்லை என்றாலும்: பெரியம்மா அம்மாவின் அக்கா. 2006இல் அல்லைப்பிட்டியிலிருந்து ஒரு பையோடு எங்களிடம் வந்தவ. அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு அவதான் அம்மா. பெரியப்பா சுவரில் இருக்கிறார், சிவப்பு மின்குமிழுக்குக் கீழே. அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. போகும்போது அவர்கள் பெரியம்மாவிடம் சொன்னது: "காம்ப் வரைக்கும்தான்."

அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பாசறை, முகாம், கூடாரம் என்றெல்லாம் பொருள் இருக்கிறது. சாரணர் பிள்ளைகள் போவதும் காம்ப், கண் வைத்தியர் வருவதும் காம்ப். எங்கள் வீட்டில் ஒரு பொருள்தான்.

யூன் 11, புதன்

காலை குசினியில் பெரியம்மாவுக்கு விளக்கவுரை. இது பிள்ளைகள் பந்து பழகும் காம்ப், அந்தக் காம்ப் இல்லை, சொல் ஒன்று, பொருள் வேறு. நூலகர் என்ற முறையில் விரிவாகவே சொன்னேன்.

"சத்தியமோ?"

"சத்தியம் பெரியம்மா."

புட்டுக்குத் தேங்காய்ப்பூ வழமையைவிடக் கூடுதலாகப் போட்டா. நம்பிவிட்டா.

நூலகத்தில் ஓய்வு நேரத்தில் தேடினேன்: இந்த நாட்டில் கூடைப்பந்து விளையாடி ஒரு பெண் எப்படி உயிர்வாழலாம்? கண்டுபிடித்தவை:

வங்கி அணிகள். முதலில் வங்கியில் வேலை வேண்டும்.
கம்பனி அணிகள். முதலில் கொழும்பில் வீடு வேண்டும்.
வெளிநாடு. முதலில் மாமா வேண்டும். இருக்கிறார், ஆனால் பஸ் நிறைந்துவிட்டது.
படைகள். முதலில் எதுவும் வேண்டாம். ஒரு கையெழுத்து.

மாமா சொன்ன லீக்கில் கதவு ஒடுக்கம், ஆகவே நெரிசல். இங்கே கதவே இல்லை, ஆகவே நெரிசலும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கதவு இருந்திருக்கிறது. நான்காவது வரியை எழுதியபோது கை நின்றதைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு தேவையில்லாமல் கறையான் மருந்து அடித்தேன்.

வாசலில் பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள், என் காதுக்கு எட்டும்படி:

"அந்தத் தங்கச்சிக்காரி என்ன உயரம்!"

"ஓமடி. கலியாணத்துக்குத்தான் கஷ்டம். வேற எதுக்கும் எடுப்பாங்கள்."

பின்னேரம் திடலுக்குப் போனேன். ஜெனிற்றா தனியாக எறிந்துகொண்டிருந்தாள். ஒன்றும் தவறவில்லை. என்னைக் கண்டதும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீம் எதெண்டு நீங்கள் கேக்கேல்லையே அக்கா."

"கொழும்பு டீம் எண்டு சேர் சொன்னவர்."

"ஓம். கொழும்புதான்." பந்தை ஒரு தரம் நிலத்தில் தட்டினாள். "ஃபோர்சஸ்."

"யூனிபோம் போட வேணுமோ?"

"விளையாடேக்க ஜேர்சி."

"விளையாடாத நேரம்?"

பந்தில் எழுதியிருந்ததை வாசிப்பவள்போல நின்றாள். அதில் எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது.

காலையில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அகராதி பிழை, பெரியம்மா சரி.

யூன் 12, வியாழன்

சீக்கிரமே விழிப்பு. வீட்டில் நான் சொல்கிறேன் என்று ஜெனிற்றாவிடம் சொன்னேன். வேண்டாம், நான்தான் சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு முன் குசினிக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே, தாழ்ந்த குரலில் சண்டை.

"வேற ஒண்டுமே இல்லையோ உனக்கு?"

"நீங்கள்தானே உலகம் முழுக்க வாசிச்சனீங்கள். வேற கதவு எங்க இருக்கெண்டு சொல்லுங்கோ, அதால போறன்."

"ரீச்சர் வேலை வரும்."

"வரும். அது வரைக்கும் என்ர முழங்கால் வராது."

"பெரியம்மாவை நினைச்சியோ?"

"நினைக்காமலோ ஒரு மாசமா நித்திரை இல்லாமல் கிடக்கிறன்?" பிறகு, "எனக்கு இது ஒண்டுதான் வடிவாத் தெரியும் அக்கா. நான் என்ன செய்ய?"

சொட்டாத குழாயை இன்னும் இறுக்கினேன். பல்லாயிரம் புத்தகங்களுக்குப் பொறுப்பான ஒருத்தி.

அப்பாவிடம் சொன்னாள். "ம்" என்றார். அப்பாவின் ம்-களைத் தொகுத்தால் ஒரு நல்ல கையகராதி வரும். இது அதில் இல்லாத ம்.

பெரியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. ஜெனிற்றா பக்கத்தில் குந்தியிருந்து சொன்னாள். எல்லாம் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. பெரியம்மா நிறுத்தவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டை துருவுப்படும் சத்தம் கேட்டது. நான்தான் கையைப் பிடித்தேன்.

"நீ சத்தியம் பண்ணினனியே" என்றா என்னிடம். அவ்வளவுதான்.

பின்னேரம் ஜெனிற்றா போனாள். பெரியம்மா வாசலுக்கு வரவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு ஜெனிற்றாவிடமிருந்து செய்தி: பைக்குள் புட்டுப் பார்சல் ஒன்று இருக்கிறதாம், யார் வைத்தது? விசாரித்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம்.

யூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். கோயிலில் சனம். ஒலிபெருக்கிக்குள் காற்றுப் புகுந்து பூசை முழுவதும் சுவாமியார் புயலில் மாட்டியவர்போலப் பேசினார்.

பெரியம்மா பெரிய மெழுகுதிரி வாங்கினா. காற்றில் அது நிற்கவில்லை. திரும்பத் திரும்பக் கொளுத்தினா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவளுக்குக் கிடைக்க வேணும் எண்டோ, கிடைக்கப்படாது எண்டோ?"

"அது எனக்கும் அவருக்கும்."

தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர். பெரியம்மாவின் மனு அவரிடம் பத்தொன்பது வருடமாக நிலுவையில் கிடக்கிறது. அந்த மேலிடத்திலிருந்தும் பதில் வந்தபாடில்லை.

யூன் 15, ஞாயிறு

பின்னேரம் அழைத்தாள். ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். அப்பா கிட்ட வந்து இருந்தார். பெரியம்மா குசினியில் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவினா. அது எவ்வளவு கடினம் என்று கழுவுகிறவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, இஞ்ச காத்தே இல்லை. முதல் நாள் எறிஞ்ச பந்தெல்லாம் இடப்பக்கத்தால போச்சு. ஒண்டு வளையத்தில கூடப் படேல்லை. அவையள் சிரிச்சவை. தலைவியாமே எண்டு."

"பேந்து?"

"நான் இல்லாத காத்துக்குப் பிடிச்சுப் பிடிச்சு எறியிறன் எண்டு விளங்கினது. ரண்டாம் நாள் காத்தை மறந்திட்டன். இப்ப ஒண்டும் தப்பிறேல்லை. எடுக்கிறம் எண்டு சொல்லிட்டினம்."

அப்பா தொலைபேசிக்குக் குனிந்தார். வாழ்த்துவார் என்று நினைத்தேன்.

"அவ்வளவு கெதியா மறந்திட்டியோ?" என்றார்.

"என்ன அப்பா?"

"ஒண்டுமில்லை. சாப்பிட்டியோ?"

குழாய் நின்றது. பெரியம்மா வரவில்லை.

யூன் 17, செவ்வாய்

சோளகம். மீன் இல்லை. கதை இல்லை. மாமாவிடமிருந்து செய்தி: "பாத்தியோ, பஸ்ஸில ஏறிட்டாள்!" எந்த பஸ் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

நூலகத்தில் ஒரு வாசகர் சுயமுன்னேற்றப் புத்தகம் கேட்டார். கறையான் தின்றுவிட்டது என்றேன். உண்மையும் அதுதான்.

யூன் 19, வியாழன்

ஜெனிற்றா வந்தாள். மெலிவு. தலைமுடியைக் காதுவரை வெட்டியிருக்கிறாள். விளையாட வசதி என்றாள். நான் விளையாட்டைத் தவிர வேறொன்றை நினைத்தேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை திரும்பப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும்.

நேரே பந்தோடு திடலுக்குப் போனாள். பக்கத்து மதிலில் இருந்து பார்த்தேன். எறிந்தாள். காற்று பந்தை வலப்பக்கம் கொண்டுபோய் அலரிப் பற்றைக்குள் போட்டது. இன்னொன்று. அதுவும் அலரி. இடுப்பில் கை வைத்து வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் காணாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இராச் சாப்பாடு. நண்டுக் கறி. பெரியம்மா பரிமாறினா, பெரிய கால்கள் ஜெனிற்றாவின் தட்டுக்கு. பிறகு நின்றபடியே, குரல் உயர்த்தாமல்:

"நீ போ. நான் மறிக்கேல்லை. உன்ர கால், உன்ர கை."

ஜெனிற்றா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆனா அந்த உடுப்போட இந்தப் படலைக்குள்ள வரப்படாது. லீவில வந்தாலும் வரப்படாது. நல்ல நாள் பெருநாளுக்கு வந்தாலும் வரப்படாது. நான் செத்துக் கிடக்க வந்தாலும் மாத்திப்போட்டுத்தான் வரவேணும்."

"அங்கயிருந்து நேர பஸ்ஸில வாறது பெரியம்மா. வாற வழியில நான் எங்க மாத்திறது?"

"அது எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவளுடைய தட்டில் இன்னொரு கால் வைத்தா. அப்பா நண்டை உடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு மின்குமிழ் காற்றில் ஆடி, பெரியப்பாவின் முகம் வெளிச்சத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனிற்றா மூக்கை உறிஞ்சினாள். கறி உறைப்பு என்றாள். உறைப்பில்லை.

யூன் 20, வெள்ளி

காற்று கொஞ்சம் தணிவு. கல் வைக்காமல் ஒரு பத்திரிகை முழுவதும் வாசித்தேன். செய்திகள் வருத்தப்படத் தக்கவையே.

மேலிடத்துக்கு எழுதவில்லை. மத்தியானம் இரும்புக் கடைக்கு நானே போனேன்.

"கொண்டி உள்ளுக்கால போடவோ, வெளியாலயோ மிஸ்?"

"உள்ளுக்கால."

"கழிப்பறைக்கோ? அப்ப சின்னன் காணும்."

"இல்லை, பெரிசு தாங்கோ. ஒராள் இருமாமல், ஆறுதலா நிண்டு உடுப்பு மாத்த வேணும்."

கடைக்காரர் பெரியதே தந்தார்.

நாளைக் காலை நூலகம் திறக்க முன் பொருத்த வேண்டும். திருகாணி வீட்டில் இருக்கிறது. சுவரில் ஒரு ஆணியும், கழற்றும் உடுப்பைக் கொழுவ. கொஞ்சம் உயரத்தில் அடிக்க வேண்டும். அந்த நிலம் எப்போதும் ஈரம்.