மைதீன் ஆடாத கடைசி மேட்ச்

தாராவி, பம்பாய்
14.9.64

மதிப்புள்ள உம்மாவுக்கு பீர்முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? இங்கே மழை இன்னும் விடவில்லை.

தம்பி மைதீனுக்குக் காலில் சின்னப் புண், ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பயப்படாதீர்கள். இரண்டு விரலை எடுத்ததோடு சரியாகிவிடும் என்கிறார் டாக்டர்.

எங்கள் தோல்பட்டறை ஃபுட்பால் டீம் கடைசி மேட்சை ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம் என்றிருந்தது. விக்ரோலிக்காரர்கள் ஒரே பாயிண்ட் பின்னால். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோல் போடுகிறவன் மைதீன்தான், அதுவும் வெறுங்காலில்.

தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்குமுன், கால் வெந்துபோகாமலிருக்க நாங்கள் விளக்கெண்ணெய் தடவுவோம். கழுவினாலும் பிசுக்குப் போகாது. “இந்த வாரம் தடவாதலே, கிரவுண்டுல வழுக்கிரும்” என்று மைதீனை நான்தான் தடுத்தேன். விரலிடுக்கில் வெட்டு இருக்கிறது, எரிகிறது என்றான். பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நேற்று அவன் இல்லாமல் ஆடித் தோற்றோம். பார்க்கப் போனபோது, “ஜெயிச்சாச்சா காக்கா?” என்று கேட்டான்.

“ஜெயிச்சாச்சுலே.”

“மேல் டிவிஷன்ல பூட்ஸ் குடுப்பாங்கல்லா?”

தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவனுக்கு எழுதினால் தோற்றதை எழுதிவிடாதீர்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்புங்கள். ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன். எண்ணெய் ஒரு போத்தல் போதும் உம்மா. இனி குழியில் இறங்குவது நான் மட்டும்தான்.

உங்கள் மகன்,
பீர்முகம்மது