வளையாத பலகை

முட்டம் கடற்கரையில் நேற்று ஜின்சி மூன்றாம் முறையாக அலையில் விழுந்தபோது, அலைச்சறுக்கு பழக வந்தவர்கள் முன்னால் அவள் கணவன் சிஜோ சொல்லிவிட்டான்: "உனக்குக் காலுல பெலம் இல்ல." அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை. இன்று காலையில் அவள் மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். குளச்சலுக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அவன் ஒரு சீட்டில் எழுதினான்:

"ஜின்சி, சாளை மீன் கறி மூடி வச்சிருக்கேன். ஸ்கூட்டி சாவி அலமாரி மேல. உன் சறுக்குப் பலகைய ரெண்டு நாற்காலி மேல வச்சு, நடுவுல அரிசி மூட்டைய ஏத்தி, உன் தையல் டேப்பால அளந்தேன். கொஞ்சமும் வளையவே இல்ல. என்னோடது அரை இஞ்சு வளையுது. நீ கனம் கொறஞ்சவ, மெல்லத் திரும்புறவ. உனக்கு வளையிற பலகதான் ஒக்கும். கொறை உன் காலுல இல்ல. என் பலகைய நீ எடுத்துக்க."

இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினான்: "அரிசி மூட்டை இன்னும் உன் பலக மேலதான் இருக்கு, நீயும் அளந்து பாரு. நேத்து நீ சாப்பிடாம கிடந்தது எனக்குத் தாங்கல்ல."

மாலையில் அவன் திரும்பியபோது அவனுடைய பலகை வீட்டில் இல்லை. சீட்டின் அடியில் ஜின்சி எழுதியிருந்தாள்: "கரைக்குப் போறேன். அளந்தது சரி. அத நேத்து கேட்டவங்க முன்னால வந்து சொல்லணும்."

சிஜோ சட்டைகூட மாற்றாமல் கடற்கரைக்கு ஓடினான்.