மேல்வளைவில் அணைத்த வண்டி

ஜூன் 4
நாகராஜின் டர்போ பெட்ரோல் கார் மறுபடியும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறது. தங்கச்சி புருசன், அதனால் கூலி கிடையாது, கேலி மட்டும் உண்டு. நின்ற இடத்தில் இன்ஜின் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது. உன்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு என் தங்கச்சியும் இப்படித்தான் நடுங்குச்சு என்றேன். சிரித்தான். பிளக் மாற்றினேன். சின்னமனூர் ரோட்டில் நன்றாகத்தான் ஓடியது.

ஜூன் 9
மலை ஏறியதும் பழையபடி. பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினேன். ஸ்கேனரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று வருகிறது. இதைச் சொல்ல ஒரு மிசினா?

ஜூன் 13
தங்கச்சி மகள் கயலுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு மேகமலையில் அப்பன் வீட்டில் இருக்கிறாள். அவசரத்துக்கு இந்த வண்டிதான். இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. பிள்ளையை இப்பவே கீழே கூட்டி வா என்றேன். இன்னும் நாள் கெடக்குண்ணே என்கிறாள் தங்கச்சி.

ஜூன் 14
இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவின் ஹோசைக் கழற்றினேன். உள்ளே ஆயில். டர்போவின் தண்டு ஆடுகிறது. மூணு வருச வண்டிக்கு இது ஏன்?

ஜூன் 15
நாகராஜ் கூடவே வண்டியில் ஏறிப் பார்த்தேன். மலை முழுக்க மிதித்தே ஏறினான். மேல்வளைவில் கருப்பசாமி கோயில். நின்ற நொடியில் இன்ஜினை அணைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான், சூடம் கொளுத்தினான். தீயாய்க் கொதிக்கிற டர்போவில் ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளேயே கருகும், தண்டைத் தேய்த்துவிடும்.

"ரெண்டு நிமிசம் ஓடவிட்டு அணை மாப்ளே."

"சாமி மொகத்துக்கு நேரா உறும விடச் சொல்றீகளா மச்சான்? எங்கய்யா காலத்துலருந்து அணைச்சுத்தான் கும்பிடுறோம்."

அவனையும் எப்படிக் குறை சொல்ல? மலையில் எல்லா டிரைவரும் அப்படித்தான். டர்போ இல்லாத பழைய ஜீப்பு தாங்கியது.

மதுரையில் புது டர்போ சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை வழியில் எங்கேயும் அணைக்காதே, பிளக் ஆயில் குடித்தால் திரும்பக் கிளம்பாது என்றேன். தலையாட்டினான்.

ஜூன் 18
மழை. டர்போ வரவில்லை. கயலை வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறானாம்.

ஜூன் 19
காலையில் தங்கச்சி போன். கயலுக்கு வலி, கிளம்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டும்— நான் ஏன் இங்கன ஒக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன்? போறேன்.

ஜூன் 20
மேல்வளைவில்தான் நின்றிருந்தார்கள். நல்லபடியாப் பெக்கணும்னு ஒரு நிமிசந்தான் மச்சான் அணைச்சேன் என்றான். என் வண்டியில் இறக்கினேன். கயல் பிழைத்துக்கொண்டாள். ஆம்பளப் பிள்ளை. கொஞ்சம் முந்தி வந்திருந்தா பிள்ளையக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாக.

நாகராஜ் அங்கனேயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

ஜூலை 11
டர்போவை மாட்டிவிட்டேன். நாகராஜ் இனி வண்டியைத் தொடமாட்டேன், விற்றுவிடுங்கள் என்கிறான். கம்பத்திலிருந்து ஒருத்தர் பார்க்க வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் என்ன கோளாறு இருந்தது என்று கேட்டார். நாகராஜ் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"டர்போதான். மாத்தியாச்சு."