ரெட்டைத் தட்டு

நாள் 611 | 08:20 | வழக்கமான பதிவு

கப்பல் வலம்புரி. எழுதுறது மெர்சிலின் பர்னாந்து, கப்பலோட்டி, வயசு நாப்பத்தொன்பது, ஊர் தூத்துக்குடி. இடம்: சனிக்கோளின் பனிநிலா என்செலடஸுக்கு மேல நூத்திப் பத்து கிலோமீட்டர். மின்சாரம் சரி. காத்து சரி. தண்ணி வடிகட்டி மறுபடி அடைச்சுது, கழுவிப் போட்டேன்.

ஆள் ரெண்டே பேர். மேல நான். கீழ பனித்தரையில நவரத்தினம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ‘சிப்பி’ங்கிற இறங்குகலத்தை நிறுத்திட்டு ஐஸைத் துளைச்சுட்டிருக்கான். ஒன்பது நாள்ல மேல வருவான். சிப்பி கிட்ட வந்ததும் அதோட மூக்குல இருக்கிற வளையம் நம்ம கப்பல் கம்பியைப் பிடிச்சுக்கும். எல்லாம் தானியங்கி. எனக்கு வேடிக்கை பாக்குற வேலை.

இதைக் கண்டெடுக்கிறவங்க என் கன்ட்ரோலரைப் பாத்துச் சிரிக்காதீங்க. அது ‘கருந்தோணி’ வீடியோ கேமோடதுதான். முப்பத்தொரு வருஷம், பதினாலு பாகம். எங்க ஊர்ப் பிள்ளைக கட்டைவிரல் பூரா அதுலதான் முத்துச்சு. புதுக் கருவி செஞ்சு ரெண்டு வருஷம் பயிற்சி குடுக்கிறதை விட, பழகின கையை வேலைக்கு எடுத்தா போதும்னு கம்பெனிக்காரன் நினைச்சுட்டான். பதினாலாம் பாகத்தை வடிவமைச்சது கீழ இருக்கிற நவம்தான். சிப்பியோட மென்பொருளும் அவன் எழுதினது.

நாள் 613 | 14:05 | பழுது

சிப்பியோட தூரமானி போச்சு. தரைப் பிளவுலேர்ந்து பீச்சியடிச்ச நீராவி அதுமேல உறைஞ்சு கல்லாகிட்டு. சுரண்டினா கண்ணாடியும் சேந்து வருதாம். வளையம் மூடிருக்கா திறந்திருக்கானு காட்டுற விளக்கும் அதோட சேந்து அவிஞ்சுட்டு.

சிப்பி (நவம்): “அக்கா, தானியங்கி இனிச் சரிவராது. சிப்பிக்குள்ள அதுக்குப் பட்டன் இல்லை, வளையத்தை நீங்கள்தான் அங்கயிருந்து கையால மூட வேணும். பயப்பிடாதேங்கோ, ஒரு தட்டுத்தான்.”

ஒரு தட்டு. அங்கதானே இடிக்குது.

நாள் 614 | 10:40 | பாவனைப் பயிற்சி

திரையில இருபது தடவை பிடிச்சுப் பாத்தேன். பதினேழு தடவை சிப்பியை விட்டுட்டேன்.

காரணத்தை எழுதுறேன், வெக்கமாத்தான் இருக்கு. கருந்தோணி முதல் பாகம் வந்தப்ப மிஷினுக ரொம்ப மெதுவு. தோணியைத் துறையில கட்ட ‘பிடி’ பட்டனைத் தட்டினா முதல் தட்டு விழாது. அதனால எல்லாரும் ரெண்டு தட்டுத் தட்டுனோம். மூணாம் பாகத்துல பிழையைச் சரிபண்ணுனாங்க. தோணி நம்ம தோணி மாதிரியே இல்லனு ஊரே கத்துச்சு. நாலாம் பாகத்துல அந்தப் பிழையை வேணும்னே திரும்ப வச்சாங்க. அப்புறம் பதிமூணாம் பாகம் வரைக்கும் முதல் தட்டு சும்மா, ரெண்டாம் தட்டுதான் பிடிக்கும். டக்-டக். எங்க ஆளுக லிஃப்ட் பட்டனைக்கூட ரெண்டு தட்டுத்தான் தட்டுவாங்க.

பதினாலுல நவம் அதைத் தூக்கிட்டான். இப்ப முதல் தட்டு பிடிக்கும், ரெண்டாம் தட்டு விட்டுரும். சிப்பியிலயும் அப்படித்தான். என் கை முதல் தட்டுல அவனைப் பிடிக்குது. அடுத்த தட்டுல கைவிட்டுருது.

நாள் 615 | 11:30 | வாக்குவாதம், அப்படியே பதியுறேன்

வலம்புரி: “ஏன்யா நவம், நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குய்யா நோண்டுன?”

சிப்பி: “பிழையைச் சாமியாக்கி வச்சிருந்தியள் அக்கா. அதே தோணி, அதே துறை, அதே தட்டு. ஒரே கேமைப் பதின்மூண்டு தரம் வித்தம். புதுசா வாற பெடியள் தொட்டுப் பாத்திட்டு, பட்டன் பழுதோ எண்டு கேக்கினம். என்ர மகளும் கேட்டவ. பேந்து அவள் அதைத் தொடவே இல்லை.”

வலம்புரி: “எங்க கையை ஒரு வார்த்தை கேட்டியா?”

சிப்பி: “கேக்க முதலே நீங்கள் விமர்சனம் எழுதிப்போட்டியள். ‘என் கையை வெட்டிட்டுப் போன களவாணிப் பய’ எண்டு. தூத்துக்குடி, மெர்சிலின். பேரைப் பாத்த உடனேயே எனக்கு விளங்கீட்டுது.”

முகம் சுண்டிப்போச்சு எனக்கு. அறுநூறு நாளா ஒரே மேசையில சாப்பிட்டிருக்கான், ஒரு நாள் மூச்சு விடல. அந்தப் பதினாலாம் பாகத்துக்கு அப்புறம் அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கனு எனக்குத் தெரியும். அதனாலதான் இந்த வேலைக்கு வந்தான். நான் போட்ட ஒரு நட்சத்திரமும் அதுல உண்டு.

மன்னிப்புக் கேட்டேன். “விடுங்கோ அக்கா, எழுத்து நல்லாத்தான் இருந்தது”னு சிரிக்கான்.

நாள் 616 | 09:15

யோசனை சொன்னேன். ஒண்ணு தட்டினாலும் பிடி, ரெண்டு தட்டினாலும் பிடினு மாத்தி எழுதேன். ஏலாதுனான். கோணலாப் பிடிச்சுட்டா சிப்பி சுத்தி வந்து கப்பலைக் கிழிச்சுரும், ரெண்டாம் தட்டுக்கு உடனே விட்டாகணும். சரி, பழைய பதிமூணாம் பாகத்து மாதிரியே வச்சிரு, மூணாம் தட்டுல விடட்டும்னேன்.

சிப்பி: “சோதிக்காத மென்பொருளோட ஏறக் கூடாது. எழுதினதை நான் தொடமாட்டன். நீங்கள் பழகுங்கோ. உங்களால ஏலும்.”

சத்தியம் பண்ணுன மாதிரி சொன்னான். நானும் ஒத்துக்கிட்டேன். பனிமய மாதா கோயில் ஊர்க்காரி பனிநிலாவுல வந்து மாட்டிக்கிட்டு முழிக்கிறேன், அந்தத் தாய்தான் என் கட்டைவிரலைப் பாத்துக்கணும்.

நாள் 618 | 16:50 | பயிற்சி

கட்டைவிரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கேன், நினைப்பு வரட்டும்னு. தட்டினதும் “பிடிச்சாச்சு”னு வாய்விட்டுச் சொல்லி விரலைத் தூக்கிருவேன். நேத்து இருபதுல ஒன்பது தப்பு. இன்னிக்கு ஆறு.

ஒண்ணு ஒத்துக்கிறேன். புதுசு நல்லாருக்கு. தட்டுனா தட்டுன நிமிஷம் பிடிக்குது, நடுவுல அந்த மொண்டித்தனம் இல்ல. இருபத்தாறு வயசுல இது என் கையில கிடைச்சிருந்தா கொண்டாடியிருப்பேன். நவத்துக்கிட்ட இதைச் சொல்லல. மேல வரட்டும், நேர்ல சொல்லிக்கலாம்.

நாள் 619 | 07:30 | அவசரம்

பிளவு விரியுது. சிப்பி நிக்கிற பனித்தட்டு சாயுது. நாளைக்கு இல்ல, இன்னிக்கே ஏறணும். பெரிய காத்து உருளையைக் கழட்டிக் கீழயே போட்டுட்டான், பாரம் குறையணும்ல. ஏறின பிறகு அஞ்சு மணி நேரக் காத்து. எரிபொருள் ஒரு தடவை கிட்ட வரத்தான் பத்தும். பிடிச்சா உண்டு.

சிப்பி: “இண்டைக்கு எத்தினை அக்கா?”

பொய் சொல்லல. “இருபதுல நாலு தப்பு”னேன். “நாலோ”னு ஒருதரம் திருப்பிக் கேட்டான். அப்புறம் நான் நிலாவுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன், தொடர்பு அறுந்துச்சு.

நாள் 619 | 09:02 | நிலாவுக்குப் பின்னால

ஒன்றரை மணி நேரமும் விடாம தட்டுனேன். கடைசி இருபதுக்கு இருபது! யம்மாடி! ஒத்தைக்கு நின்னு கத்தினேன், அழுதேன். வந்துட்டு. கைக்கு வந்துட்டு. தொடர்பு கிடைச்சதும் முதல் வார்த்தை இதுதான் சொல்லணும்.

நாள் 619 | 09:26

தொடர்பு வந்துச்சு. ஆனா நீராவி மேகம் நடுவுல, ஒரே இரைச்சல். சிப்பி அதுக்குள்ள கிளம்பிட்டு. நான் “இருபதுக்கு இருபது”னு நாலு தடவை சொன்னேன். கேட்ட மாதிரி தெரியல. அவன் சொன்னதுல எனக்குக் கிடைச்சது இவ்வளவுதான்:

சிப்பி: “...அக்கா, பழையபடி... யோசிக்காதேங்கோ... பழையபடி...”

பழையபடி தட்டிராதேங்கிறான். பயப்படுறான் பாவம். தட்டமாட்டேன் தம்பி.

நாள் 619 | 11:48

கைவிட்டுட்டேன்.

வரிசையா எழுதணும். இரைச்சல் கடைசி வரைக்கும் விடல, பேச முடியல. 11:31க்கு வளையம் கம்பியைத் தொட்டுச்சு. ஒரே ஒரு தட்டு. “பிடிச்சாச்சு”னேன். விரலைத் தூக்கினேன். வளையம் இறுகுற அதிர்வு வரல. ஒரு நொடி. ரெண்டு நொடி. கை தானா ரெண்டாம் தட்டுக்குப் போச்சு. நான் விடல. இடது கையால வலது கையை அமுக்கிப் பிடிச்சேன், நகம் பதியுற அளவுக்கு. இப்பத் தட்டினா அவனை விட்டுருவோம்னு நினைச்சேன். மாதாவே, நினைச்சேன். சிப்பி கம்பியை விட்டு வழுகிக்கிட்டே போச்சு. ஜன்னல்ல அவன் தலை தெரிஞ்சுது.

நாள் 619 | 12:10

இரைச்சல்ல தொலைஞ்ச செய்தியோட எழுத்து வடிவம் சிப்பியோட நினைவகத்துலேர்ந்து இப்ப முழுசா வந்துச்சு. அப்படியே:

“மெர்சி அக்கா, பழையபடி மாத்திப்போட்டன். முதல் தட்டு சும்மா, ரெண்டாம் தட்டு பிடிக்கும். இனி நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. உங்கட கை முப்பது வருசமாச் செய்யிறதை அப்பிடியே செய்யட்டும். பழையபடி தட்டுங்கோ.”

எனக்காக மாத்தியிருக்கான். எழுதினதைத் தொடமாட்டேன்னவன், எனக்காக. நான் அவனுக்காக மாறியிருந்தேன். என் கைக்குத் தெரிஞ்சிருந்துது. நான்தான் அதைப் பிடிச்சு வச்சேன்.

நாள் 619 | 12:25 | நிலவரம்

கப்பலைத் திருப்பி அவன் பின்னால போக ஆறரை மணி நேரம். திருப்ப ஆரம்பிச்சுட்டேன். சிப்பியில காத்து இன்னும் ரெண்டு மணி நேரம். பூமிக்குச் செய்தி போகவே எண்பது நிமிஷம். கணக்கு உதைக்குதுனு அவனுக்கும் தெரியும். திருப்பாதேங்கோ, வீட்டுக்குப் போற எரிபொருளைக் கரைக்காதேங்கோங்கிறான். வாயை மூடுனு சொல்லிட்டேன்.

நாள் 619 | 13:40

சிப்பி: “அக்கா, ஒண்டு கேக்கட்டே? மறைக்காமச் சொல்லுங்கோ. உங்கட கை ரெண்டாம் தட்டுக்குப் போனதோ?”

வலம்புரி: “போகல, நவம். ஒண்ணோட நின்னுட்டு. இருபதுக்கு இருபது வந்துச்சு காலைல. உன் புதுத் தட்டு எனக்குப் படிஞ்சிட்டுய்யா. எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?”

சிப்பி: “மெய்யாவோ?”

வலம்புரி: “மெய்யாத்தான்.”

சிப்பி: “முப்பது வருசப் பழக்கம், ஆறு நாளில. அப்ப என்ர வேலை பிழையில்லை. நான்தான் கடைசி நேரத்தில அதை நம்பாமப் போனன். மகளுக்கு இதைச் சொல்லுங்கோ, என்ன? அவளுக்குப் பெருமையா இருக்கும்.”

சொல்லுவேன்னேன். பாதிதான் மெய். கை ரெண்டாம் தட்டுக்குப் போச்சுங்கிறதை இங்க மட்டும் எழுதுறேன். இதைப் படிக்கிறவங்க அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க.

நாள் 619 | 14:02

குரல் போச்சு. மின்கலம் குளிர்ல இறங்கிட்டு. வளையத்துக்குப் போற கட்டளை மட்டும் இன்னும் போகுது. வளையம் மூடுனா உள்ள ‘டக்’னு கேக்கும், அவன் தலைக்கு நேர் மேல. தட்டுறேன். நான் இங்க இருக்கேன்னு தெரியட்டும்.

நாள் 619 | 14:20

தட்டுறேன். ரெண்டாவது தட்டுறேன், மூடியிருக்கும். தட்டுறேன். திறந்திருக்கும்.

நாள் 619 | 15:15

காத்து தீந்திருக்கும். ஐம்பது நிமிஷம் ஆச்சு. கப்பல் பாதிகூடத் திரும்பல.

நாள் 619 | 16:40

தட்டிட்டேதான் இருக்கேன். ஒத்தைத் தட்டு எப்படினு இப்ப எவ்வளவு யோசிச்சாலும் வரல. ரெண்டு ரெண்டாத்தான் விழுது. நிறுத்தினா அவன் தனியா இருப்பான். ஒரு கையால எழுத முடியல, இதை இத்தோட